ஜென்னியா, ரோலரா, மியூலா: லங்காஷயர் நூற்பைத் திருப்பிப் போட்டது எது?

பாவும்_ஊடும்

பள்ளிக்கூடத்தில் ஓர் ஏணி போல மனப்பாடம் செய்தோம்: 1733 பறக்கும் நாடா, 1764 ஜென்னி, 1769 வாட்டர் ஃபிரேம், 1779 மியூல், 1785 விசைத்தறி. ஒவ்வொன்றும் முந்தையதை விழுங்கி வளர்ந்தது என்கிற தோரணை. எனக்கு இதில் ஒரு பெரிய உறுத்தல் உண்டு. ஜென்னியும் வாட்டர் ஃபிரேமும் ஒன்றுக்கொன்று போட்டியே இல்லை. ஒன்று கொடுத்தது ஊடை நூல், இன்னொன்று கொடுத்தது பாவு நூல். ஒரே துணிக்குள் இரண்டும் சேர்ந்தே போயின.

கேள்வி இதுதான். இந்த மூன்றில் எதை உருவிவிட்டால் ஆலைத் தொழில் கிளம்பியே இருக்காது? என் ஓட்டு ரோலருக்கு, அதாவது வாட்டர் ஃபிரேமில் பஞ்சை இழுத்து மெலிக்கும் உருளைகளுக்கு. ஜென்னி என்பது பல கதிர் வைத்த ராட்டை, அவ்வளவுதான். மனிதர் விரல் செய்த வேலையை முதலில் இரும்பிடம் ஒப்படைத்தது ரோலர். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். "நான்கு மடங்கு வேகம்" மாதிரி பொத்தாம் பொதுவான எண்கள் வேண்டாம்.

சிட்டக்கணக்கு

புதிதாக வாசிப்பவர்களுக்காக அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தறியில் நீளவாட்டில் கட்டியிருப்பது பாவு. குறுக்கே நாடாவில் ஓடுவது ஊடை. விழுது ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பாவு இழுபடும், அச்சுப் பற்களில் உரசும். ஊடைக்கு அந்தப் பாடு இல்லை. ஒருமுறை ஓடிப் படுத்துக்கொள்ளும். அதனால் பாவுக்கு இறுக்கமான முறுக்கும் பலமும் வேண்டும். ஊடை மெதுவாக, பஞ்சுபஞ்சாக இருந்தாலே துணி நிரம்பித் தெரியும்.

1760-கள் வரை லங்காஷயர் "பருத்தித் துணி" என்று விற்றதில் பாவு லினன், ஊடை மட்டுமே பருத்தி. அங்கே ராட்டையில் நூற்ற பருத்தி நூல் பாவாகத் தாங்கவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போன துணியில் பாவும் ஊடையும் பருத்தியே. கலிக்கோ என்ற பெயரே கோழிக்கோட்டிலிருந்து போனதுதான். அச்சிட்ட கலிக்கோவை உடுத்தக்கூடாது என்று 1721-இல் இங்கிலாந்து சட்டம் போட்டது. 1774-இல் வாட்டர் ஃபிரேம் காப்புரிமைக்காரர் ஆர்க்ரைட் தரப்பு முயன்று, உள்நாட்டில் செய்த முழுப்பருத்தித் துணிக்கு அந்தத் தடையை நீக்கிக்கொண்டது. அடையாளத்துக்குக் கரையில் மூன்று நீல இழை ஓட வேண்டும் என்று நிபந்தனை. அதாவது, 1774-க்குள் பருத்திப் பாவு அங்கே கைவசம் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது ஜென்னி அல்ல.

நூல் நம்பரும் தெரிந்திருக்க வேண்டும். 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுதான் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம், ஏறக்குறைய 30.7 கிலோமீட்டர். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. கோயம்புத்தூரிலும் இன்றுவரை இதே கணக்குதான்.

ஊசிமுனை

ஜென்னியை "பல கதிர் ராட்டை" என்று ஒரு வரியில் கழித்துக்கட்டுவதை ஏற்க முடியாது. அதன் ஓட்டத்தைப் படிப்படியாகப் பார்த்தால்தான் அதில் என்ன புதுமை என்று தெரியும்.

கதிர்கள் சட்டத்தின் ஒரு முனையில் நிலையாக நிற்கும். ரோவிங் (நூலாவதற்கு முந்தைய தளர்ந்த பஞ்சுத்திரி) சுற்றிய பாபின்கள் கீழே. நடுவில் ஓடும் வண்டியில் இரண்டு மரச்சட்டங்கள், எல்லா ரோவிங்கையும் ஒரே சமயத்தில் கவ்வும் கிட்டி மாதிரி. நூற்பவர் கிட்டியைத் திறந்தபடியே வண்டியைக் கொஞ்சம் பின்னால் இழுப்பார். தேவையான அளவு ரோவிங் வெளியே வரும். கிட்டியை மூடுவார். வலது கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இடது கையால் வண்டியை மேலும் பின்னுக்கு இழுப்பார். ரோவிங் மெலிந்துகொண்டே முறுக்கேறும். கடைசிக்கு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டுச் சக்கரத்தை வேகமாகச் சுற்றி முறுக்கை நிறைப்பார். பிறகு சக்கரத்தைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்பி, கதிர் முனையில் சுற்றியிருக்கும் இழையை அவிழ்ப்பார். ஒரு கம்பி இறங்கி எல்லா நூலையும் கதிரின் அடிப்பக்கம் அமுக்கும். வண்டி உள்ளே வர வர நூல் சுற்றிக்கொள்ளும்.

ராட்டையில் ஒரு கை பஞ்சைப் பிடிக்கும், ஒரு கை சக்கரம் சுற்றும். பஞ்சைப் பிடிக்கிற கையை ஒரு கிட்டியாக மாற்றியதுதான் ஜென்னியைச் செய்த ஹார்கிரீவ்ஸின் வேலை. பறக்கும் நாடா பரவிய பிறகு ஒரு தறிக்கு நாலைந்து பேர் நூற்க வேண்டியிருந்த சூழலில், முதல் ஜென்னியின் 8 கதிர்களே பெரிய விடுதலை. 1770 காப்புரிமையில் 16 கதிர். பிறகு 80, 100-ஐயும் தாண்டியது. எல்லாம் வீட்டுக்குள், கொட்டகைக்குள். ஆலை இல்லாமலேயே உற்பத்தி பெருகியது என்பது சின்ன விஷயமா?

பாவும்_ஊடும்

சின்ன விஷயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் எழுதிய படிகளிலேயே ஒரு பலவீனம் தெரிகிறது. வண்டியை எவ்வளவு இழுப்பது, எந்த நேரத்தில் எவ்வளவு முறுக்கு என்பதெல்லாம் இன்னமும் நூற்பவரின் கையில். அதனால்தான் நூல் மிருதுவாக, ஊடைக்கு மட்டும் ஏற்றதாக நின்றது. அதைத் தண்ணீர்ச் சக்கரத்தில் பூட்டியிருந்தாலும் பக்கத்தில் ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும்.

கதிரடி

ரோலர் பற்றி எழுதுகிறேன். பராமரிப்புப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இது புரியும்.

முதலில் கையாலேயே ஒரு சோதனை. கார்டிங் (பஞ்சைச் சீவிச் சிக்கெடுப்பது) முடிந்த ஸ்லைவரில், அதாவது தடித்த பஞ்சுத்திரியில், ஒரு சாண் கிள்ளி எடுங்கள். இரண்டு கையாலும் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துப் பிடியுங்கள். விரல்களுக்கு இடையில் 1 செ.மீ. மட்டும் விட்டு இழுங்கள். வராது. விரல் வழுக்கும், இல்லையென்றால் படக்கென்று அறும். ஒவ்வொரு இழையும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பிடிபட்டிருப்பதுதான் காரணம். இப்போது 10 செ.மீ. விட்டு இழுங்கள். ஓர் இடத்தில் மட்டும் இளைத்து, சல்லென்று பிரிந்துவிடும். நடுவில் இருக்கிற இழைகளை எந்தக் கையும் பிடிக்கவில்லை. அவை தம் இஷ்டத்துக்குக் கும்பலாக நகர்கின்றன. மூன்றாவதாக 3 செ.மீ. விடுங்கள், இழையின் நீளத்தைவிடச் சற்று அதிகம். வெண்ணெய் மாதிரி சீராக நீளும். ரோலர் டிராப்டிங் (உருளையால் இழுத்து மெலிப்பது) முழுவதும் இந்த மூன்றாவது பிடிக்குள் அடக்கம்.

இயந்திரத்தில் இது எப்படி? இரண்டு ஜோடி ரோலர். பின் ஜோடி மெதுவாகச் சுற்றும், முன் ஜோடி வேகமாக. முன் ரோலரின் மேற்பரப்பு வேகம் ஆறு மடங்கு என்றால் 2-ஆம் நம்பர் ரோவிங் 12-ஆக வெளியே வரும். கணக்கு எளிது. கெட்டுப்போகிற இடங்கள் மூன்று.

ஒன்று, ஜோடிகளுக்கு இடையிலான தூரம். கவ்வும் இடத்திலிருந்து கவ்வும் இடம்வரை அளக்க வேண்டும். ரோலர் விளிம்பிலிருந்து விளிம்புக்கு அல்ல. இழை நீளத்தைவிடக் குறைந்தால் மெலியாத கட்டி வரும், அல்லது இழை நறுங்கும். கூடினால் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும். இதில் இன்னொரு கிடுக்கிப்பிடி: ரோலரின் விட்டமே இழை நீளத்தைவிடப் பெரிதாக இருந்தால், இரண்டையும் ஒட்டி வைத்தாலும் கவ்வும் இடங்கள் போதிய அளவு நெருங்காது. ஒரு அங்குலப் பஞ்சுக்கு ஒன்றரை அங்குல ரோலர் எதற்கும் ஆகாது.

இரண்டு, மேல் ரோலரின் எடை. மேலே தோல் போர்த்திய ரோலர், கீழே நீளவாட்டில் வரி வெட்டிய ரோலர். மேல் ரோலரைச் சும்மா வைத்தால் பஞ்சு அடியில் நழுவி ஓடும். ஆர்க்ரைட் அதன்மேல் எடை தொங்கவிட்டார். பார்க்க ரொம்பச் சாதாரணம். ஆனால் அந்த எடைக்கு இன்னொரு வேலையும் உண்டு.

அதுதான் மூன்றாவது. கதிர் சுற்றும்போது முறுக்கு நூல்வழியே மேலே ஏறிக்கொண்டே வரும். முன் ரோலரின் கவ்வல் தளர்ந்திருந்தால் முறுக்கு அதையும் தாண்டி ரோலர்களுக்கு நடுவில் நுழைந்துவிடும். முறுக்கு ஏறிய பஞ்சு மெலியாது. அப்புறம் எத்தனை கியர் மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. முன் ரோலர் ஒரு அணை மாதிரி நிற்க வேண்டும்: இந்தப் பக்கம் மெலிவு மட்டும், அந்தப் பக்கம் முறுக்கு மட்டும். ராட்டையிலும் ஜென்னியிலும் மெலிவும் முறுக்கும் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். அவற்றைப் பிரித்துவைத்ததுதான் வாட்டர் ஃபிரேமின் சாரம் என்பேன். இன்றைய ரிங் ஃபிரேமிலும் அதே ஏற்பாடு; எடைக்குப் பதில் ஸ்பிரிங் அல்லது காற்றழுத்தம்.

திரி

ரோலர் யோசனை ஆர்க்ரைட்டுடையது இல்லையே? லூயிஸ் பாலும் ஜான் வயட்டும் 1738-லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். முப்பது வருஷம் முன்னால் ஏன் ஓடவில்லை?

நெல்லை_நீர்ச்சக்கரம்

சரியாகப் பிடித்தீர்கள். ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுற்றும் ரோலர் ஜோடிகள் என்ற கருத்து 1738 காப்புரிமையிலேயே இருக்கிறது. 1741-இல் பர்மிங்காமில் கழுதைகள் சுற்ற ஓர் ஆலை. 1742-இல் நார்தாம்ப்டனில் எட்வர்ட் கேவ் பணத்தில் தண்ணீர்ச் சக்கரத்தோடு இன்னொன்று: ஐந்து ஃபிரேம், ஒவ்வொன்றிலும் 50 கதிர். உலகின் முதல் தண்ணீர்விசைப் பருத்தி நூற்பாலை அதுதான், ஆர்க்ரைட்டின் குரோம்ஃபோர்ட் ஆலை அல்ல. ஆனால் தேறவில்லை.

காரணம் கதிரடி சொன்ன பட்டியலில் இருக்கிறது. அந்தக் காப்புரிமையில் மாற்று ஏற்பாடு ஒன்றும் சொல்லப்பட்டிருக்கிறது: ஒரே ஜோடி ரோலர், அதைவிட வேகமாக இழுக்கும் பாபின். அதாவது முறுக்கேறும் இடத்திலேயே மெலிவு. அணை இல்லை. கருத்து இருந்தது, தூரமும் எடையும் கைகூடவில்லை. ஆர்க்ரைட் 1769-இல் வைத்தது நான்கு ஜோடி. மெலிவு ஒரே தாவலில் நடக்காமல் தவணை தவணையாக நடக்கும்.

இன்னொன்று, யார் யோசனை என்கிற வழக்கு அப்போதே நாறியது. தாமஸ் ஹைஸ் என்பவர் தன்னுடையது என்றார். ஹைஸுக்கு மாதிரி செய்துகொடுத்த கடிகாரக்காரர் ஜான் கே பிறகு ஆர்க்ரைட்டிடம் வேலை செய்தார். கவனிக்க: இந்த வாரிங்டன் ஜான் கே வேறு, பறக்கும் நாடா செய்த பரி ஊர் ஜான் கே வேறு. இரண்டு பேரையும் ஒருவராக்கி எழுதிய கட்டுரைகள் ஏராளம்.

ஊசிமுனை

ரோலர் புகழ் பாடுகிறவர்கள் வசதியாக மறக்கிற ஒன்று: ரோலர், கொடுத்ததை மெலிக்கும், கெட்டதைத் திருத்தாது. தடிப்பும் மெலிவுமான ரோவிங் போனால் ஆறு மடங்கு நீண்ட தடிப்பும் மெலிவும் வெளியே வரும். ராட்டைக்காரியின் விரல் தடித்த இடத்தை உணர்ந்து அங்கே கூடுதலாக இழுக்கும். ரோலருக்கு அந்த உணர்வு கிடையாது. ஆகவே ரோலர் ஓட வேண்டுமானால் முன்தயாரிப்பு முழுவதும் சீராக வேண்டும்.

அதைச் சீராக்கியது ஆர்க்ரைட்டின் 1775 காப்புரிமை. கையால் கார்டு செய்தால் ஒரு சாண் நீளப் பட்டைகள்தான் கிடைக்கும். ஒவ்வொன்றாக ஒட்டவேண்டும், ஒட்டிய இடமெல்லாம் தடிப்பு. கார்டிங் உருளையிலிருந்து பஞ்சை அறாத ஏடாக உரித்தெடுக்க ஒரு சீப்பு, அதை மேலும் கீழும் ஆட்ட ஒரு கிராங்க். அந்த ஏட்டைப் புனல் வழியாகத் திரட்டினால் முடிவே இல்லாத ஸ்லைவர். பிறகு பல ஸ்லைவரைச் சேர்த்து ரோலரில் இழுப்பார்கள். ஒன்றின் தடிப்பு இன்னொன்றின் மெலிவோடு சேர்ந்து சமனாகும். நான்கைச் சேர்த்து நான்கு மடங்கு இழுத்தால் பழைய தடிமனே வரும், ஆனால் சீராக. இதை டிராயிங் என்று இன்றும் எல்லா மில்லிலும் செய்கிறார்கள்.

அதற்கடுத்தது லாந்தர் ஃபிரேம். ரோலரிலிருந்து வரும் மெல்லிய திரி, சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு தகர டப்பாவுக்குள் இறங்கும். டப்பா சுற்றுவதால் லேசான முறுக்கு. நிறைந்ததும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து எடுத்து, பாபினில் கையால் சுற்றவேண்டும், பெரும்பாலும் குழந்தைகள். சுற்றும்போதே பாதி இடத்தில் திரி இழுபட்டு மெலிந்துவிடும். ரோவிங் கட்டம் ரொம்ப நாள்வரை நொண்டியாகவே நின்றது.

1785-இல் ஆர்க்ரைட்டின் காப்புரிமை நீதிமன்றத்தில் ரத்தானது. அதன்பிறகுதான் ஆலைகள் சரசரவென்று முளைத்தன. அதற்கு முன்பு ஆயிரம் கதிர் அளவில்தான் உரிமம் விற்றார். வாட்டர் ஃபிரேமின் முதல் மாதிரி ஓர் ஆள் தூக்கக்கூடிய அளவுதான். கையால் சுற்றி வீட்டிலேயே ஓட்டியிருக்கலாம். ஆலையைக் கட்டாயமாக்கியதில் உரிமக் கணக்குக்கும் பங்கு உண்டு.

நெல்லை_நீர்ச்சக்கரம்

உரிமத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் கார்டிங்கை மறந்துவிட்டீர்கள். கதிரை வீட்டில் சுற்றலாம்; கார்டு உருளை, டிராயிங், லாந்தர் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்து ஒரே தண்டிலிருந்து ஓட்ட இடமும் விசையும் வேண்டும்.

முதலில் நாட்டிங்காமில் குதிரை. நூலை வாங்கியவர்களே பங்காளிகள்: சாமுவேல் நீட், ஜெடிடையா ஸ்ட்ரட், இருவரும் காலுறைத் தொழில்காரர்கள். 1771-இல் டார்பிஷயரில் குரோம்ஃபோர்டுக்குப் போனார்கள். ஏன் அந்த மூலைக்கு? போன்சால் ஓடையோடு, ஈயச் சுரங்கத்தின் வடிகால் நீரும் அங்கே வந்து சேர்ந்தது. பூமிக்கடியிலிருந்து வருவதால் வெதுவெதுப்பாக இருக்கும், குளிர்காலத்தில் உறையாது. தண்ணீர்ச் சக்கர ஆலைக்கு இரண்டு எதிரிகள்: கோடையில் வற்றல், பனியில் உறைதல். அந்த வடிகால் இரண்டையும் தணித்தது. ஆனால் ஊரில் ஆளில்லை. வீடு கட்டிக்கொடுத்துக் குடும்பம் குடும்பமாக அழைத்தார்கள். நெசவாளிக்கு மாடியில் தறி, பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் ஆலையில் வேலை. இரவும் பகலுமாக இரண்டு ஷிப்ட், சுமார் பன்னிரண்டு மணி நேரம் வீதம்.

பெரிய ஆபத்து தீ. மரத்தளத்தில் எண்ணெய் ஊறியிருக்கும், காற்றில் பஞ்சுத்தூசி, வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும். பெல்பர் வடக்கு ஆலை 1803-இல் எரிந்தது. வில்லியம் ஸ்ட்ரட் 1804-இல் அதை வார்ப்பிரும்புத் தூண், செங்கல் வளைவுத் தளம் என்று திரும்பக் கட்டினார். இரும்புச் சட்டகக் கட்டடத்துக்கு முன்னோடி 1797-இல் ஷ்ரூஸ்பரியில் சார்லஸ் பேஜ் கட்டிய டிதரிங்டன் ஆளிநார் (லினன் நூல்) ஆலை. வானுயர் கட்டடங்களின் பாட்டனார் ஒரு நூற்பாலை என்பது பலருக்குத் தெரியாது.

நீராவி? 1785-இல் பேப்பிள்விக்கில் ராபின்சன்கள் போல்ட்டன்-வாட் சுழல் எஞ்சினைப் பருத்தி ஆலைக்கு முதலில் வாங்கினார்கள். ஆனால் அடுத்த பல பத்தாண்டுகள் தண்ணீர் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நம் பக்கத்தில்கூட 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் ஆலை போட்டது தாமிரபரணி அருவியின் விசையை நம்பித்தான். குரோம்ஃபோர்டுக்கு நூறு வருஷம் கழித்தும் அந்தக் கணக்கு செல்லுபடியானது.

திரி

வாட்டர் ஃபிரேம் இவ்வளவு நல்லதென்றால் மெல்லிய நூலை ஏன் அதில் நூற்கவில்லை? மஸ்லின் எல்லாம் மியூலில்தானே?

மியூல்_பித்தன்

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

வாட்டர் ஃபிரேமில் நூலைச் சுற்றுவது ஃபிளையர். கதிரோடு சேர்ந்து சுற்றும் ஃபிளையர் கை நூலை இழுத்துக்கொண்டு போகும். பாபின் பின்தங்கி இழுபடும். பாபினை இழுக்கிற கயிறு எது? நூலேதான். ஆக நூல் பிறந்த கணத்திலேயே ஒரு பாரத்தை இழுக்க வேண்டும். தடித்த, இறுக்க முறுக்கிய பாவு நூல் தாங்கும். 80-ஆம் நம்பர் பச்சைநூல் எப்படித் தாங்கும்? பட்பட்டென்று அறும்.

மியூலைச் செய்த கிராம்ப்டன், போல்ட்டன் பக்கம் ஹால் இ' த் வுட் வீட்டில் 1774 முதல் 1779 வரை உட்கார்ந்து தீர்த்தது இதைத்தான். ரோலரை ஆர்க்ரைட் பக்கத்திலிருந்தும், நகரும் வண்டியை ஜென்னியிலிருந்தும் எடுத்தார். ஜென்னியில் கதிர் நிற்கும், கிட்டி நகரும். மியூலில் தலைகீழ்: ரோலர் நிற்கும், கதிர்கள் வண்டியில் ஏறி நகரும். முதல் மியூலில் 48 கதிர்.

ஒரு சுற்று இப்படி. ரோலர் ரோவிங்கை மெலித்து விடுகிறது. வண்டி சுமார் 5 அடி வெளியே போகிறது, ரோலர் விடுவதைவிட ஒரு மயிரிழை வேகமாக. கதிர்கள் முறுக்குகின்றன. வண்டி கடைசிக்கு வருவதற்குச் சற்று முன் ரோலர் நின்றுவிடும். இப்போது அது வெறும் கிட்டி. வண்டி மட்டும் இன்னும் கொஞ்சம் நகரும். அந்தக் கடைசி இழுப்பில்தான் சூட்சுமம். முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்தைத் தேடி ஓடும். மெலிந்த இடம் முறுக்கேறி இறுகிக்கொள்ளும், தடித்த இடம் முறுக்கில்லாமல் இளகி நிற்கும். இழுத்தால் எது நீளும்? இளகியதுதான். தடித்த இடம் தானாக மெலிந்து சமனாகிறது. ஊசிமுனை மேலே சொன்ன "விரல் உணர்வு" இங்கே இயந்திரத்துக்குள் வந்துவிட்டது, உணர்வே இல்லாமல்.

பிறகு கதிர் எதிர்த்திசையில் சில சுற்று, முனையிலிருக்கும் இழை அவிழும். நூலை அமுக்கும் ஃபாலர் கம்பி இறங்கும். வண்டி உள்ளே வரும்போது நூல் சுற்றும். சுற்றும்போது பாபினை இழுக்கும் வேலை நூலுக்கு இல்லை. வெறும் கதிரிலேயே காப் (நூல் சுற்றிய கண்டு) உருவாகும். அதனால் பலமில்லாத மென்னூலும் பிழைக்கும்.

கஷ்டம் சுற்றுவதில். காப் கூம்பு வடிவம். அடியில் பருமன், முனையில் ஒல்லி. வண்டி ஒரே வேகத்தில் வந்தாலும் கதிரின் வேகம் கூம்பின் எந்த இடத்தில் சுற்றுகிறதோ அதற்கேற்ப மாறவேண்டும். கொஞ்சம் வேகம் கூடினால் அத்தனை நூலும் ஒரே நேரத்தில் அறும். குறைந்தால் தொளதொளத்து முடிச்சு விழும். இதற்கு ஒரு கை ஃபாலரில், ஒரு கை சக்கரத்தில், முழங்கால் வண்டியில். 1790-களில் வெளியே போகும் பாதிக்குத் தண்ணீர்விசை வந்தது. உள்ளே வரும் பாதி மனிதரிடமே தங்கியது. வண்டி நீண்டு 300 கதிரைத் தாண்டியதும் அது பலசாலி ஆண்களின் தொழிலாயிற்று. அறுந்த இழையைப் பிணைக்கவும் வண்டிக்கடியில் தூசி கூட்டவும் குழந்தைகள். வண்டி திரும்புவதற்குள் அடியிலிருந்து வெளியே வரவேண்டும். நினைத்தாலே வயிற்றைக் கலக்கும் வேலை அது.

நூற்பவர்களின் வேலைநிறுத்தத்தால் கடுப்பான முதலாளிகள் ரிச்சர்ட் ராபர்ட்ஸைப் பிடித்துத் தானியங்கி மியூல் கேட்டார்கள். 1825-இல் முதல் காப்புரிமை. 1830-இல் கால்வட்டப் பல்சட்டம் சேர்த்த பிறகுதான் அந்தக் கூம்புக் கணக்கு முழுதாக இயந்திரத்தின் வசமானது.

சிட்டக்கணக்கு

எண்கள் கேட்டவர்களுக்கு. 1811-இல் கிராம்ப்டனே போல்ட்டனைச் சுற்றி 60 மைல் அலைந்து எண்ணினார். ஜென்னிக் கதிர் 1,55,880. வாட்டர் ஃபிரேம் கதிர் 3,10,516. மியூல் கதிர் 46,00,000. நூற்றுக்குத் தொண்ணூறு மியூல். நாடாளுமன்றத்திடம் வெகுமதி கேட்கப் போட்ட கணக்கு என்பதை நினைவில் வைத்து வாசிக்க வேண்டும். மியூல் எண் மட்டும் முழு லட்சத்தில் வந்து நிற்பதும் கண்ணில் படும். 1812-இல் அவருக்குக் கிடைத்தது 5,000 பவுண்டு. காப்புரிமை எடுக்காமல் ஊருக்குக் கொடுத்தபோது வசூலானது 60 பவுண்டுச் சொச்சம்.

விலையிலும் பார்க்கலாம். 100-ஆம் நம்பர் நூல் பவுண்டு 1786-இல் 38 ஷில்லிங். 1807-இல் 6 ஷில்லிங் 9 பென்ஸ். ஒரு பவுண்டில் 84,000 கெஜம், அதாவது 76 கிலோமீட்டருக்கு மேல்.

உழைப்புக் கணக்கில் அடிக்கடி காட்டப்படுவது: 100 பவுண்டு பஞ்சை நூற்க இந்தியக் கைநூற்பில் 50,000 மணி, கிராம்ப்டன் மியூலில் 2,000, 1795 வாக்கில் விசை சேர்ந்த மியூலில் 300, ராபர்ட்ஸ் மியூலில் 135. முதல் எண்ணை அப்படியே விழுங்கக்கூடாது. மெல்லிய நூலுக்கு அது பொருந்தும்; நம் ஊர் 10, 20-ஆம் நம்பருக்கு அவ்வளவு ஆகாது. ஆனால் அடி விழுந்தது முதலில் மெல்லிய நூலில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸ் மாகாண நெசவாளர்கள் சீமை நூலை வாங்கித் தறியில் ஏற்றினார்கள். தறி பிழைத்தது, ராட்டை படுத்தது.

பாவும்_ஊடும்

அந்தக் கணக்குப்படி என் ஓட்டு தோற்றதா? தோற்கவில்லை என்பேன். 46 லட்சம் மியூல் கதிரின் தலைமாட்டிலும் ஓடியது ரோலர்தானே.

ஊசிமுனை

வண்டியும் ஃபாலர் கம்பியும் ஜென்னியுடையவை. சமன் செய்துகொள்வோம். :)

1779 கலவரத்தில் சோர்லி பக்கம் பர்க்கேகரில் ஆர்க்ரைட்டின் ஆலையை அடித்து நொறுக்கிய கூட்டம், சின்ன ஜென்னிகளைத் தொடாமல் விட்டது. எது வீட்டுக்குள் அடங்கும், எது வீட்டையே விழுங்கும் என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

திரி

பள்ளிக் கண்காட்சிக்கு ரோலர் டிராப்டிங் மாதிரி ஒன்று செய்ய வேண்டும், கையால் சுற்றுவது. அளவுகள் யாராவது சொல்வீர்களா?

கதிரடி

இரண்டு ஜோடி போதும். கீழ் ரோலர் 20 மி.மீ. இரும்புத் தண்டு, நீளவாட்டில் வரி வெட்டியது. லேத் பட்டறையில் நர்லிங் போட்டுக் கொடுத்தாலும் சரி. மேல் ரோலர் அதே பருமன் மர உருளை, மேலே சைக்கிள் டியூப் இறுக்கமாக மாட்டியது. டியூப் ஒட்டு வெளியே துருத்தினால் சுற்றுக்கு ஒருமுறை நூலில் தடிப்பு வரும். ஒட்டில்லாத துண்டாகப் பாருங்கள்.

பஞ்சு 28 மி.மீ. இழை என்றால் கவ்வும் இடங்களுக்கு இடையே 31 மி.மீ. கீழ்த் தண்டின் தாங்கிகளில் ஒன்றை நீளத்துளையில் வையுங்கள், நகர்த்திச் சரிசெய்ய. பின் தண்டில் 60 பல், முன் தண்டில் 15 பல், நடுவில் திசை மாறாமலிருக்க ஓர் இடைப்பல். டிராப்ட் நான்கு. ஆறுக்குப் போக ஆசைப்படாதீர்கள்; இரண்டே ஜோடியில் அவ்வளவு இழுத்தால் அலை அலையாக வரும்.

மேல் ரோலரின் இரு முனையிலும் கம்பிக் கொக்கி போட்டு எடை தொங்கவிடுங்கள். முன்பக்கம் முனைக்கு ஒரு கிலோவில் தொடங்கலாம். பஞ்சு நழுவினால் கூட்டுங்கள்.

ஸ்லைவரை அப்படியே கொடுக்காதீர்கள், ரொம்பத் தடி. பக்கத்து மில்லில் சிம்ப்ளக்ஸ் (ரோவிங் செய்யும் இயந்திரம்) ரோவிங் ஒரு பாபின் கேளுங்கள். அது 1-ஆம் நம்பர் என்றால் நான்கு மடங்கு இழுத்து 4-ஆம் நம்பர் வரும். முன்னால் கதிர் வைத்து முறுக்கினால், 4-ஆம் நம்பருக்கு அங்குலத்துக்கு 8 முறுக்கு வேண்டும். கதிர் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் 375 அங்குல நூல், 20 மி.மீ. முன் ரோலர் நிமிடத்துக்கு சுமார் 150 சுற்று சுற்றினால் சரியாக வரும். கையால் 3,000 வராது என்பதால் 600-ம் 30-மாக வைத்துக்கொள்ளுங்கள், விகிதம் மாறக்கூடாது.

ஓட்டிக் காட்டும்போது முன் எடையைக் கழற்றிவிட்டு ஒருமுறை சுற்றுங்கள். முறுக்கு உள்ளே ஏறிப் பஞ்சு கயிறாகி நிற்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். கண்காட்சி அன்று மழைக்காலமாக இருந்தால் நல்லது. வறண்ட காற்றில் இழை மின்னேறி ரோலரில் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சுற்றினால் பிளேடு வைத்துக் கிழிக்காதீர்கள், டியூபில் கீறல் விழும். பித்தளைக் கொக்கியால் உரித்தெடுங்கள்.